ஒரு மெயில் முகவரிக்கு எத்தனை ரூபாய்?

மன்னார்குடியிலிருந்து மாப்பிள்ளை சம்பா, பூங்கார், கருங்குறுவை அரிசியை ஆன்லைனில் விற்கிறேன். அரிசி பற்றி நான் மெயில் அனுப்பும் பட்டியலில், விளம்பரம் போட்டு ஒரு முகவரியைச் சேர்க்க எவ்வளவு வரை கொடுக்கலாம்? அந்த முகவரியின் மதிப்பு தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மூன்று விதமாகக் கணக்குப் போடலாம். மூன்றும் மூன்று விடை தரும். கீழே உள்ள எண்கள் கணக்குக்கு வசதியாக நான் முழுதாக்கியவை.

முதலாவது வெறும் வகுத்தல். பட்டியலில் 2,000 பேர். மெயிலில் இருக்கும் இணைப்பைத் தட்டி வந்தவர்கள் மாதம் 60,000 ரூபாய்க்கு வாங்கினால் தலைக்கு 30 ரூபாய். ஆனால் அது விற்பனை, லாபம் இல்லை. நெல் விலை, அரவைக் கூலி, பை, கூரியர் எல்லாம் போக நூற்றுக்கு 20 நின்றால் மிஞ்சுவது 6 ரூபாய்தான். பலர் இந்த 30-ஐயே மதிப்பு என்று எடுத்துக்கொண்டு விளம்பரத்தில் பணத்தை விடுகிறார்கள். அதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

இரண்டாவது ஆயுள் கணக்கு. மாதம் 100 பேரில் 4 பேர் விலகினால், ஒருவர் சராசரியாக 25 மாதம் இருப்பார். 25-ஐ 6-ஆல் பெருக்கினால் 150 ரூபாய். இதில் ஒரு ஓட்டை உண்டு. வாங்குவதை நிறுத்தியவர் எல்லாம் விலகல் பட்டனைத் தட்டுவதில்லை, சும்மா பட்டியலில் கிடப்பார்கள். மெயில் திறந்த எண்ணிக்கையை வைத்து அவர்களைப் பிரிக்கலாமே என்றால், 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, அதை வைத்திருப்பவர்கள் பார்க்காத மெயிலும் திறந்ததாகவே கணக்கில் வரலாம். அதனால் நான் 12 மாதத்துக்கு மேல் எடுப்பதில்லை.

மூன்றாவதைத்தான் நான் நம்புகிறேன். குலுக்கல் முறையில் 200 பேரைப் பிரித்து, அவர்களுக்கு மட்டும் மெயில் அனுப்பாமல் விடுவது. மெயில் போன 1,800 பேர் எந்த வழியில் வாங்கியதையும் சேர்த்தால் மாதம் 90,000 ரூபாய், தலைக்கு 50. மெயில் போகாத 200 பேரும் 6,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள், தலைக்கு 30. ஆக, மெயில் கூடுதலாகக் கொண்டுவந்தது 20 ரூபாய், லாபம் 4. முதல் கணக்கு காட்டிய 30-இல் 10 ரூபாய் எப்படியும் வந்திருக்கும் பணம். இன்னொரு வசதியும் இதில் இருக்கிறது. மெயிலைப் படித்துவிட்டு, இணைப்பைத் தொடாமல், "தம்பி, பூங்கார் அஞ்சு கிலோ போட்டுவிடுப்பா" என்று போனில் சொல்லும் அம்மாவும் இதில் விட்டுப்போக மாட்டார்.

இதிலும் கவனம் வேண்டும். அந்த 200 பேரில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய்க்கு அரிசி எடுத்தால் போதும், சராசரி 30-இலிருந்து 55-க்கு ஏறி, மெயில் அனுப்பியதால் நஷ்டம் என்றே கணக்கு காட்டும். பெரிய ஆர்டர்களை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, குறைந்தது மூன்று மாதம் ஓட்டுகிறேன்.

அரிசிக்குச் சரியாக வருவது எல்லாக் கடைக்கும் வராது. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு விற்கும் நண்பருக்கு ஆர்டர் குறைவு, தொகை பெரிது. மூன்றடி விளக்கு வாங்கியவர் அடுத்ததை வாங்கப் பல வருஷம் ஆகலாம். மாதச் சராசரி அவருக்கு உதவாது. கார்த்திகை தீபமும் தை முகூர்த்தமும் உள்ளே வரும்படி, ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களை ஒரு வருஷம் தொடர்ந்து பார்ப்பதே அவருக்குச் சரி.

என் கணக்கில் 4-ஐ 12-ஆல் பெருக்கினால் 48 ரூபாய். மெயில் அனுப்பும் செலவும் அதற்குள்தான். அதனால் ஒரு முகவரிக்கு 40 ரூபாயைத் தாண்டினால் விளம்பரத்தை நிறுத்திவிடுகிறேன். மிச்சத்தில், ஏற்கெனவே வாங்குபவர்களின் பார்சலில் 200 கிராம் கருங்குறுவை மாதிரிப் பை போகிறது.