இரண்டு பெயர்களுக்குப் பின்னால்: ஹிம்னரி இணையதளம், ஒரு மதிப்புரை

ஞாயிறு மாலை ஆராதனை ஒன்றில் எங்கள் பாடகர் குழு பாடவிருந்த ஆங்கிலப் பாடல்களுக்கு அறிமுகக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவற்றுள் ஒன்று ‘ட்ரஸ்ட் அண்ட் ஓபே’. நம்பு, கீழ்ப்படி என்பதே அதன் பல்லவி சொல்லும் செய்தி. சிறுவயது முதல் மனப்பாடமாகப் பாடிவரும் பாடல்தான். ஆயினும் அதை இயற்றியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. கையிலிருந்த பாட்டுப் புத்தகம் பாடலின் தலைப்பில் இரண்டு பெயர்களை மட்டும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்தப் பெயர்களைத் தேடிப் போய்த்தான், கிறிஸ்தவப் பாடல்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டித் தரும் ஹிம்னரி டாட் ஆர்க் தளத்தில் மூன்று மாலைப்பொழுதுகளைச் செலவிட்டேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கிராண்ட் ராப்பிட்ஸ் நகரிலுள்ள கால்வின் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தளம் இது. தேடுவதற்குக் கட்டணம் இல்லை. பாடலின் முதல் அடி, வேத வசனம், எழுதியவர் பெயர், அசை எண்ணிக்கை என எந்த வழியிலும் உள்ளே நுழையலாம். ஆனால் இதன் பெரிய சிறப்பு என நான் கருதுவது வேறொன்று. இத்தளம் பாடலின் சொற்களுக்கு ஒரு பக்கமும் மெட்டுக்கு ஒரு பக்கமும் தனித்தனியாக வைத்திருக்கிறது. பாடும்போது ஒன்றாகவே கலந்து ஒலிக்கும் இரண்டும் இரு வேறு மனிதர்களின் உழைப்பு என்பது இந்த ஏற்பாட்டினால்தான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

சொற்களுக்கு உரியவர் ஜான் ஹெச். சாமிஸ். 1846இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். இளமையில் இண்டியானா மாநிலத்தின் லோகன்ஸ்போர்ட்டில் வணிகம் செய்து, பின்னர் ஒய்.எம்.சி.ஏ. செயலராகப் பணியாற்றி, இறையியல் பயின்று 1880இல் பிரஸ்பிட்டீரியன் சபையின் போதகராக அபிஷேகம் பெற்றவர். மெட்டுக்கு உரியவர் டேனியல் பி. டவ்னர். பென்சில்வேனியாவின் ரோம் என்னும் ஊரில் 1850இல் பிறந்த இவர், 1893 முதல் சிகாகோவின் மூடி வேதாகமக் கல்லூரியில் இசைத் துறைக்குத் தலைமை தாங்கினார். டவ்னரின் பக்கத்திலிருந்து ‘அட் கால்வரி’, ‘கிரேஸ் கிரேட்டர் தான் அவர் சின்’ ஆகிய பாடல்களுக்கும் போக முடிகிறது. அவற்றின் மெட்டுகளும் இவருடையவை என்பதை அன்றுதான் அறிந்தேன். இருவரும் 1919ஆம் ஆண்டிலேயே, சில மாத இடைவெளியில் மறைந்திருக்கிறார்கள்.

பாடல் பிறந்த கதையை டவ்னரே சொல்லியிருக்கிறார். நற்செய்திப் பாடகர் ஐரா சாங்கி அதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் அமெரிக்க நற்செய்திப் பிரசங்கியார் டி. எல். மூடி நடத்திய கூட்டங்களில் டவ்னர் பாடிக்கொண்டிருந்தார். ஓர் இரவு, சாட்சி சொல்லும் நேரத்தில் ஓர் இளைஞர் எழுந்து, தமக்கு முழு நிச்சயம் இல்லை என்றும், ஆனாலும் நம்பப் போவதாகவும் கீழ்ப்படியப் போவதாகவும் கூறினார். அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்ட டவ்னர், நடந்ததையும் எழுதிச் சாமிஸுக்கு அனுப்ப, அவர் பாடலை இயற்றினார். 1887இல் அது அச்சேறியது. பெயர் தெரியாத அந்த இளைஞருக்குத் தளத்தில் பக்கம் இருக்க முடியாது. ஆனால் பல்லவியின் இரண்டு வினைச்சொற்களும் அவர் வாயிலிருந்து வந்தவை.

எனக்கு மிகுந்த பயன் தந்தவை பழைய பாட்டுப் புத்தகங்களின் பக்கப்படங்கள். இப்பாடலுக்குக் காப்புரிமைத் தடை இல்லாததால் முழுச் சொற்களையும் இசைக்குறிப்பையும் அச்சான வடிவிலேயே காண முடிகிறது. ஆறு, ஆறு, ஒன்பது என்ற அசைக் கணக்கு ஒவ்வொரு சரணத்திலும் இருமுறை வருவதையும், அதனால் மூன்றாவது அடி எப்போதும் சற்று நீண்டு மூச்சு வாங்கி நிற்பதையும் அங்கே விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். பாடலுக்கு ஐந்து சரணங்கள் உண்டு. நாங்கள் பாடிவந்தவையோ நான்கு. எங்கள் புத்தகம் விட்டுவிட்டது இரண்டாவது சரணத்தை. நம்பிக் கீழ்ப்படிகிற இடத்தில் நிழலோ மேகமோ சந்தேகமோ பயமோ தங்காது என்று பேசுவது அந்தச் சரணம்தான். நிச்சயமில்லை என்று ஒருவர் எழுந்து சொன்னதிலிருந்து பிறந்த பாடலில், சந்தேகத்தைப் பெயர் சொல்லி அழைக்கும் சரணத்தையே நீக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை விட்டுப் பாடினால் கீழ்ப்படிதல் எளிதான காரியம் போலத் தோன்றிவிடுகிறது. நான்காவது சரணமோ அப்படி நினைக்க விடுவதில்லை. எல்லாவற்றையும் பலிபீடத்தில் வைக்கும்வரை கர்த்தருடைய அன்பின் இனிமையை ருசிக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. பாடலின் முழு எடையும் அங்கேதான் இருக்கிறது.

வட அமெரிக்கப் பாட்டுப் புத்தகங்களே இத்தளத்தில் மிகுதி. நம் பாமாலைகளையும் கீர்த்தனைகளையும் தேடுகிறவர்கள் இதை நம்பி அமர வேண்டாம். காப்புரிமை உள்ள அண்மைக்காலப் பாடல்களுக்குப் பெரும்பாலும் முழு வரிகள் கிடைப்பதில்லை. வாழ்க்கைக் குறிப்புகள் பல பழைய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், குறிப்பின் அடியில் அது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிட்டு எடுத்தாளுவது நல்லது. ஆங்கிலப் பாடல்களைப் பாடும் குழுத் தலைவர்களுக்கும், பாடலைப் பிரசங்கத்தோடு இணைக்க விரும்பும் போதகர்களுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

நான் எழுதிய குறிப்பு எட்டு வரிகளில் முடிந்தது. அந்த ஞாயிறு நாங்கள் ஐந்து சரணங்களையும் பாடினோம். இரண்டாவது சரணத்தை மட்டும் தனித் தாளில் அச்சிட்டுச் சபையாருக்குக் கொடுத்தோம்.