கறுக்க நினைத்த மருமகளும் என் உள்ளங்கால் மச்சமும்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பக்கம் ஒரு தோல் டாக்டரின் கிளினிக். எங்கள் டோக்கன் 31. எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் முகத்தை வெளுக்க வைக்க வந்தவர்கள். இல்லையென்றால், மருந்துக்கடையில் யாரோ கைகாட்டிய ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தேய்த்து, முகம் சிவந்து பொரிப்பொரியாகி வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே என் மருமகள். பிரிஸ்பேனில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெண், வயது 34.

பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “இவங்களுக்கு என்ன பிரச்சினை ஆன்ட்டி? இந்தக் கலருக்கு என்ன குறை?”

“கறுக்கணும்னு காசு கொடுத்து லைட்டுக்குள்ள படுத்துக் கிடந்தாம்மா. அதுக்கு இப்ப செக்கப்” என்றேன்.

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

கிண்டல் இல்லை. சோலாரியம் என்று ஒன்று ஆஸ்திரேலியாவில் தெருவுக்குத் தெரு இருந்த காலம் உண்டு. சவப்பெட்டி மாதிரி ஒரு கட்டில், மேலும் கீழும் புறஊதா ட்யூப் லைட்டுகள். பத்து நிமிடம் படுத்து எழுந்தால் பொன்னிறம். மருமகள் 18 வயதில் ஆரம்பித்து நாலு வருடம், வாரம் இரண்டு தடவை போயிருக்கிறாள். போதாதற்குக் கோல்டு கோஸ்ட் கடற்கரையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெயில் காய்வது வேறு. மெல்போர்னில் கிளேர் ஆலிவர் என்ற பெண் 2007-ல், 26 வயதில், மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இறந்துபோனாள். சாகும் முன் சோலாரியத்துக்கு எதிராக அவள் டிவியில் பேசியதை நாடே பார்த்தது. “நானும்தான் பார்த்தேன், அதுக்கப்புறமும் போனேன்” என்பாள் மருமகள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009-ல் இந்தக் கட்டில்களை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று புகையிலை இருக்கும் முதல் பட்டியலில் சேர்த்தது. 30 வயதுக்கு முன் இதை ஆரம்பித்தவர்களுக்கு மெலனோமா வரும் அபாயம் 75 சதவீதம் கூடுகிறது என்றும் சொன்னது. 2015 பிறந்தபோது குயின்ஸ்லாந்து உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் சோலாரியக் கடைகளுக்குத் தடை வந்துவிட்டது. ஆனால் பட்ட தோல் பட்டதுதான். அதனால் அவள் வருடம் தவறாமல் ஸ்கின் செக் போகிறவள்.

இந்த வருடம் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம். ஜூலை, குற்றாலத்தில் சாரல். ஐந்தருவியில் ஒரு மணி நேரம் ஆட்டம் போட்டுவிட்டு வந்த அன்று அவளுடைய துண்டில் ரத்தம். இடது தோள்பட்டைக்குப் பின்னால் இருந்த மச்சம். “கல்லு கில்லு பட்டிருக்கும்” என்றாள் என் மைனி. மருமகளுக்கு முகமே மாறிவிட்டது. பிரிஸ்பேன் கிளினிக்குக்குப் படம் எடுத்து அனுப்பினாள். திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே காட்டிவிடுங்கள் என்று பதில் வந்தது. ஊர் திரும்ப இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

முதலில் போனது தப்பான இடம். தோல், முடி, லேசர் என்று மூன்றையும் போர்டில் போட்ட, ஏசி குளிரும் ஓர் இடம். வரவேற்பில் இருந்த பெண் மச்சத்தைப் பார்த்த உடனே விலைப்பட்டியலை எடுத்துவிட்டாள். இன்றைக்கே லேசரில் எடுத்துவிடலாம், தழும்பு தெரியாது, பக்கத்தில் இருக்கும் இன்னும் இரண்டையும் சேர்த்து எடுத்தால் சலுகை. டெஸ்டுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். “எரிச்சுட்டா அப்புறம் என்ன மேடம் டெஸ்ட்?”

இதை ஊருக்கு வரும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். சந்தேகமான மச்சத்தை லேசரிலோ கரண்ட் ஊசியிலோ எரிக்கவே கூடாது. எரித்துவிட்டால் பரிசோதிக்கச் சதை இருக்காது. அது என்னவாக இருந்தது, எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மெலனோமா என்றால் அந்த ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் மேற்கொண்டு என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

அடுத்துத்தான் ஹைகிரவுண்டு. போர்டில் டாக்டர் பெயருக்குக் கீழே தோல், பால்வினை, தொழுநோய் என்று எழுதியிருந்தது. மருமகள் செல்போனைக் காட்டி அதை மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, “அத்தை, நாம சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கோமா?” என்றாள். இந்தியாவில் தோல் டாக்டர் படிப்பே இந்த மூன்றும் சேர்ந்ததுதான் என்று விளக்க வேண்டியதாயிற்று.

பார்க்க 400 ரூபாய். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம். டாக்டர் அம்மாவுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும், வேகமான ஆள். மச்சத்தைப் பார்த்தார், மேஜை டிராயரில் இருந்து டெர்மோஸ்கோப்பை எடுத்தார். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கையடக்க லென்ஸ், விளக்கோடு இருக்கும். அதைத் தோலில் ஒட்டிவைத்து ஒரு நிமிடம் பார்த்தார். “ஒரு பாதி மாதிரி மறுபாதி இல்ல. ஓரம் கலைஞ்சிருக்கு. ரெண்டு கலர் தெரியுது. 7 மில்லிமீட்டர் இருக்கும். எடுத்து அனுப்பிடுவோம்.” அவ்வளவுதான். சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

மருமகளுக்கு இது போதவில்லை. பிரிஸ்பேனில் அவளுக்கு நடக்கும் ஸ்கின் செக் வேறு ரகம். முதலில் ஒரு படிவம்: சின்ன வயதில் தோல் கொப்பளிக்கும் அளவுக்கு வெயில் பட்டதுண்டா, வீட்டில் யாருக்காவது மெலனோமா உண்டா, சோலாரியம் போனதுண்டா, எத்தனை வயதில், எத்தனை தடவை. அதற்குப் பிறகு உள்ளாடையோடு நிற்கவைத்து, உச்சந்தலை முதல் கால்விரல் இடுக்கு வரை இருபது நிமிடம் பார்ப்பார்கள். சந்தேகப்பட்ட மச்சத்தையெல்லாம் படம் எடுத்து, உடம்பின் வரைபடத்தில் குறித்துவைத்து, அடுத்த வருடம் ஒப்பிடுவார்கள். ஒரு மச்சம் இன்று எப்படி இருக்கிறது என்பதைவிடப் போன வருடத்திலிருந்து மாறியிருக்கிறதா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

உடம்பு முழுக்கப் பார்க்க முடியுமா என்று கேட்டோம். டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த அறையில் முழுசாக மூடும் கதவே கிடையாது, இடுப்பளவுக்கு ஆடும் பலகைதான். 32-ஆம் டோக்கன்காரர் ஏற்கெனவே பாதி உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தார், அட்டெண்டர் வந்து போய்க்கொண்டிருந்தார். “நாளைக்கு ரெண்டு மணிக்கு வாங்க. ஆள் இருக்க மாட்டாங்க” என்றார். கேட்டால் கிடைக்கிறது, கேட்காவிட்டால் காட்டிய இடத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். டாக்டரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரு நாளைக்கு எழுபது பேரைப் பார்க்கிறவர், அவரிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லையாம்.

மறுநாள் நிஜமாகவே பொறுமையாகப் பார்த்தார். சீப்பால் முடியை வகிடு வகிடாக எடுத்துத் தலையைப் பார்த்தார். காதுமடலுக்குப் பின்னால், அக்குள், மார்புக்குக் கீழே, விரல் இடுக்குகள். நகப்பூச்சை அழித்துவிட்டுத்தான் போயிருந்தோம், பிரிஸ்பேன் பழக்கம். ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் வந்ததும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மருதாணி! போன வாரம்தான் மைனி அரைத்து, வெள்ளைக்காரிக்குச் செக்கச்செவேல் என்று பிடித்திருக்கிறது என்று ஊரையே கூப்பிட்டுக் காட்டியிருந்தாள். “இதுக்குள்ள என்னத்தைப் பார்க்க? கலையட்டும், தையல் பிரிக்க வரும்போது பார்க்கேன்” என்றார். செக்கப் போக நினைத்திருப்பவர்கள் கல்யாண வீட்டில் மருதாணி வைப்பதற்கு முன்பே போய்விடுவது நல்லது.

அதோடு கிளம்பியிருப்போம். டாக்டர் என்னைப் பார்த்து, “நீங்களும் காலைக் காட்டுங்கம்மா” என்றார்.

“எனக்கு எதுக்கு? நான் கறுப்புதானே” என்றேன். இருபத்துநாலு வருடமாகப் பிரிஸ்பேனில் எனக்கு எல்லோரும் சொல்லி நம்பவைத்தது அது. அங்கே என்னைப் பார்க்கும் டாக்டரேகூட, உனக்கு அந்தக் கவலை இல்லை என்று சிரிப்பார்.

பாதிதான் சரி என்றார் இவர். கறுத்த தோலுக்குள் இருக்கும் மெலனின் என்ற நிறமி வெயிலைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும், அதனால் வெள்ளைக்காரர்களுக்கு வருவதுபோல் முதுகிலும் கெண்டைக்காலிலும் நமக்கு வருவது அபூர்வம். ஆனால் நம் ஆட்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத இடத்தில்தான் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். பாப் மார்லிக்கு வந்தது கால்விரல் நகத்துக்கு அடியில்தான். 1981-ல் 36 வயதில் போய்விட்டார். டாக்டர் தன் அனுபவத்தில் மெலனோமா என்று பார்த்தது கொஞ்சம் பேர்தானாம், எல்லாமே பாதத்தில். வயல்காட்டில் வெறுங்காலோடு நடப்பவர்கள், கால் ஆணி என்று பிளாஸ்திரி ஒட்டி, நகச்சொத்தை என்று மஞ்சளைப் பூசி, ஒரு வருடம் கழித்துப் புண் ஆறவில்லை என்று வருவார்களாம்.

என் வலது உள்ளங்காலில் ஒரு மச்சம் உண்டு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் தாண்டிப் போவாள் என்று அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். விசா வந்த அன்று தெருவுக்கே சொன்னாள். டாக்டர் அதில் டெர்மோஸ்கோப்பை வைத்து, போனில் படம் எடுத்துக் காட்டினார். கால் ரேகை வரப்பும் வாய்க்காலுமாகத் தெரிந்தது, நம் வயலை மேலிருந்து பார்த்த மாதிரி. மச்சத்தின் கறுப்பு வாய்க்கால் பள்ளத்தில் மட்டும் மெல்லிய கோடாக ஓடியது. “இப்படிப் போனா நல்லது. வரப்பு மேல பட்டையா ஓடினாத்தான் கவலை. 4 மில்லிமீட்டர்தான். இந்தப் படத்தை வச்சுக்கோங்க, மாறினா மட்டும் காட்டுங்க. வருஷா வருஷம் செக்கப்புன்னு உங்களுக்கு வேண்டாம், குளிக்கும்போது உள்ளங்காலைப் பாருங்க போதும்.”

வீட்டில் வந்து சொன்னதும் அம்மா கவலையாகக் கேட்டாள். எண்பத்திரண்டு வயது.

“அதை வெட்டி எடுத்துருவாங்களாட்டி?”

“இல்லம்மா, இருக்கட்டும்னுட்டாங்க.”

“எடுத்தா ஊரோட வந்துருவியோன்னு பார்த்தேன்” என்றாள்.

மருமகளின் மச்சத்தை எடுத்தது அதற்கு அடுத்த நாள். மரத்துப்போகிற ஊசி போடும்போது மட்டும் எரிச்சல். சுற்றி 2 மில்லிமீட்டர் விட்டு முழு மச்சத்தையும் எடுத்து, நாலு தையல். இருபது நிமிடம், 4,000 ரூபாய். சதையை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, மூடியைத் திருகி, அட்டெண்டர் அதை என் கையில் கொடுத்தார். லேபில் நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். பிரிஸ்பேனில் நோயாளியின் கண்ணிலேயே படாத பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். லேபில் இன்னொரு 1,500. பாட்டிலில் ஒட்டிய காகிதத்தில் மருமகள் பெயர் தப்பாகவும் வயது 54 என்றும் எழுதியிருந்தது. நின்று திருத்திவிட்டுத்தான் வந்தேன். நீங்களும் பார்த்துவிடுங்கள், ரிசல்ட் வந்தபின் மாற்ற அலைய முடியாது.

ஒன்பது நாள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. குற்றாலம் பக்கமே போகவில்லை, தையல் நனையக் கூடாதே. மைனி இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்தது: டிஸ்பிளாஸ்டிக் நீவஸ். அதாவது செல்கள் கொஞ்சம் முறைதவறிய மச்சம், புற்று இல்லை, ஓரமெல்லாம் சுத்தம். தையல் பிரிக்கப் போனபோது மருதாணி பாதி கலைந்திருந்தது. கை காலையும் பார்த்து முடித்தார் டாக்டர். நகத்தில் மட்டும் சிவப்பு அப்படியே நின்றது. அது நகம் வளர்ந்து போனால்தான் போகும், பிரிஸ்பேனில் காட்டிக்கொள் என்றுவிட்டார்.

ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பிரிஸ்பேன் கிளினிக், சதையைச் சீவி ஒட்டிய கண்ணாடிச் சில்லையும் மீதிச் சதை பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டது, அவர்களுடைய ஆள் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். லேபில் முதலில் முனகினார்கள், எழுதிக் கொடுத்ததும் தந்துவிட்டார்கள். டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டோம். பழைய மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, மருமகளின் கைப்பையில் வந்தது.

பிரிஸ்பேன் ஏர்போர்ட்டில், என்ன கொண்டுவருகிறோம் என்று எழுதித் தரும் அட்டையில் எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்திருந்தேன். அதிகாரி கடிதத்தைப் படித்தார், மெழுகுக் கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் மைனி கட்டிக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயைப் பிரித்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் கேள்வி கேட்டார்.