டர்போ எஸ்டீம்: காலை ஆறு மணிச் சத்தத்தோடு இரண்டரை வருடம்

சித்தி மகன் ஒரு பழைய மாருதி ஜென் கார் வாங்கியிருக்கிறான். வாங்கிய இரண்டாவது வாரமே போன். "அண்ணா, டீசல் ஸ்விஃப்ட்டோட டர்போ ஒண்ணு உக்கடத்துல சல்லிசா வருது. அப்படியே மாட்டிக்கலாமா?" டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் பம்ப். போனில் சொன்னால் பாதிதான் காதில் ஏறும் என்பதால் எழுதியே வைக்கிறேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும்.

என்னுடையது 2003 மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர், 16 வால்வு, எம்பிஎஃப்ஐ. இந்த எஞ்சினைப் பற்றிக் கோயம்புத்தூரில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள் முதுகில் சுமந்து ஓடியதும் இதே குடும்பத்து எஞ்சினைத்தான்.

முதலில் அந்தச் சத்தம். காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று டீசல் ஆட்டோ மாதிரி ஆரம்பிக்கும். நாலு நிமிடம். டெம்பரேச்சர் முள் மேலே வரவர அடங்கிப் போகும். "இது இப்படித்தான் தம்பி, பயப்படாதீங்க" என்று மெக்கானிக் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். பயமெல்லாம் இல்லை, எரிச்சல்தான். இரண்டரை வருடமாக, 22,000 கிலோமீட்டராக, தினமும் அதே எரிச்சல். எதிர்வீட்டுப் பாட்டி ஒருநாள் கேட்டேவிட்டார்: "ஏங்கண்ணு, வண்டிக்கு மேலுக்குச் சரியில்லையா?"

இந்தச் சத்தம் வந்த கதைதான் தம்பியின் கேள்விக்குப் பதில்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அவனை மாதிரியே மாட்டினேன். கம்பெனி பிஸ்டன், கம்பெனி கேஸ்கெட், டீசலில் இருந்து கழற்றிய குட்டி டர்போ, 0.5 பார் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்). டர்போ சூடாக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் "அப்புறம் பார்த்துக்கலாம்". காம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது பிஸ்டன் பெட்ரோல்-காற்றுக் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற எண், 9.5 என்று படித்திருந்தேன். 9.5-க்கு அரை பார் தாங்கும் என்று நாலு பேர் சொன்னார்கள். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஏழு மாதம் ஓடியது. ஒரு சித்திரை மத்தியானம், ஏசி போட்டு நாலு பேரோடு மேடு ஏறும்போது ஜல்லியைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாகப் புகை.

ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று கேஜ் வைத்துப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, நாலாவது சிலிண்டர்கள் 175 பிஎஸ்ஐ பக்கம். மூன்றாவது 95. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றியதும் 120-க்கு ஏறியது. ஆயில் விட்டதும் ஏறினால் கசிவு பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட் பக்கம். அன்றே ஹெட் இறங்கியது.

மூன்றாவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கும் மேடு, ரிங் லேண்ட் என்பார்கள், ஒரு அங்குல நீளத்துக்கு உடைந்து கையோடு வந்தது. பிஸ்டன் தலையின் ஓரம் புதிதாகக் கொத்திய அம்மி போலப் பொடிப்பொடியாய்ப் பள்ளம். அது நாக்கிங் வேலை, கலவையின் ஒரு பகுதி தீ வந்து சேரும் முன்பே தானாக வெடிப்பது. ரிங்கின் இரண்டு முனைகளும் பளபள என்று தேய்ந்திருந்தன. சூட்டில் ரிங் விரிந்து முனைகள் ஒன்றோடொன்று முட்டியிருக்கின்றன. கம்பெனி விட்ட இடைவெளி டர்போ இல்லாத சூட்டுக்கானது. நாம் சூட்டைக் கூட்டிவிட்டு இடைவெளியை அப்படியே வைத்தால் முட்டாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் விட என்னை உட்காரவைத்தது வேறு. கரியைச் சுரண்டியபோது நாலு பிஸ்டன் தலையிலும் "0.50" என்று அடித்திருந்தது. முன்பிருந்த ஓனர் எப்போதோ போர் எடுத்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அரை மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார். ஹெட்டையும் சூடேறி வளைந்த பிறகு ஒரு பட்டறையில் இழைத்திருக்கிறார்கள். இரண்டுமே ரேஷியோவை ஏற்றும் வேலை, இரண்டையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. விற்கும்போது "எஞ்சின் கைபடாதது" என்றார்கள். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மருந்துக்கடையில் 20 எம்எல் சிரிஞ்சு ஒன்று வாங்கினேன். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, ஒரு அக்ரிலிக் துண்டில் ஓட்டை போட்டு கிரீஸ் தடவி ஒட்டி, கூலண்ட் கலந்த தண்ணீரைக் குமிழி இல்லாமல் நிரப்பினேன். ஹெட்டின் குழி 28 சிசி. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் நசுங்கிய பிறகு 1.2 மிமீ, அதன் வட்டம் 76 மிமீ, அது 5.4 சிசி. பிஸ்டன் தலையின் குழியும் மேலே விடும் இடைவெளியுமாக 3.3. மொத்தம் 36.7. போர் (சிலிண்டரின் விட்டம்) 74.5 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மிமீ என்றால் பிஸ்டன் அள்ளும் கொள்ளளவு 329 சிசி. 329-ஐ 36.7-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கிட்டத்தட்ட 10.

9.5 என்று நம்பி ஏழு மாதம் ஓட்டியது 10. அதுவும் இன்டர்கூலர் இல்லாமல், சாதா பெட்ரோலில். உடைந்ததில் ஆச்சரியம் இல்லை. ஏழு மாதம் தாங்கியதுதான் சுசுகிக்காரனின் பெருமை.

இடையில் ஒன்று. கேஜில் வரும் எண்ணை 14.7-ஆல் (வெளிக்காற்றின் அழுத்தம், பிஎஸ்ஐயில்) வகுத்து "என் வண்டி 12 காம்ப்ரஷன்" என்று சொல்கிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். அமுக்கும்போது காற்று சூடாகும், வால்வு மூடும் நேரம் வேறு இருக்கிறது. கேஜ் நாலு சிலிண்டரும் ஒன்றுபோல இருக்கிறதா என்று சொல்லும். ரேஷியோவைச் சொல்லாது. அதற்குச் சிரிஞ்சுதான்.

ரேஷியோவைக் குறைக்க லேத்துக்காரர் சொன்ன வழி தடிமனான கேஸ்கெட். மலிவு, ஒரு நாள் வேலை. ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டின் ஓரத்தை ஒட்டி வந்து கலவையை நடுவே தள்ளவேண்டும். ஒரு மில்லிமீட்டர் தூக்கிவிட்டால் அந்தத் தள்ளல் போய்விடும். நாக்கிங்கைக் குறைக்கப் போய் நாக்கிங்குக்கே இடம் கொடுத்த கதைதான். பழைய பிஸ்டன் தலையைக் கடைந்து குழி ஆக்கலாம் என்று இன்னொருவர். வார்ப்பு பிஸ்டன், தலையில் எவ்வளவு கனம் இருக்கிறது என்று அளக்காமல் கடைந்தால் டர்போ அழுத்தத்தில் ஓட்டையே விழும்.

அதனால் போரை 75 மிமீக்கு எடுத்து, வெளிநாட்டிலிருந்து ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன் வரவழைத்தேன். 8.5 ரேஷியோ வேண்டும் என்று கணக்குப் போட்டு, தலையில் 11 சிசி குழியோடு. சுங்கத்தோடு சேர்த்து அந்தக் காசுக்கு இன்னொரு எஸ்டீம் கிடைத்திருக்கும். ரிங் இடைவெளி 0.38 மிமீ, ஒவ்வொரு ரிங்கையும் போருக்குள் இறக்கி ஃபீலர் கேஜ் வைத்து, அரம் போட்டு. இன்டர்கூலரும் இந்தத் தடவை முதலிலேயே.

பிஸ்டனுக்கான அலுமினிய அலாய் இரண்டு வகை கிடைத்தது. 4032-இல் சிலிக்கான் அதிகம், சூட்டில் கொஞ்சமாக விரியும், போருக்குள் நெருக்கமாக உட்காரும். 2618 அதைவிட அடி தாங்கும், ஆனால் நிறைய விரியும். விரிய இடம் விடவேண்டும். எனக்கு விட்டது 0.08 மிமீ, கம்பெனி பிஸ்டனுக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். குளிரில் பிஸ்டன் அந்த இடத்தில் ஆடும். ஆடினால் டக் டக் டக். அரை பார் பூஸ்ட்டுக்கு 4032 போதும் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். ஒரு தடவை உடைந்துவிட்டதே என்ற பயத்தில் நான்தான் 2618 என்று ஒற்றைக்காலில் நின்றேன். அந்தப் பிடிவாதம்தான் இன்று காலை ஆறு மணிக்குப் பாட்டியை எழுப்புகிறது.

நியாயமாகச் சொன்னால் குறை சொல்ல இடமில்லை. ரேஷியோ குறைந்ததால் கேஜ் எண்ணும் குறைவுதான், ஆனால் நாலு சிலிண்டரும் இன்றைக்கும் 145-க்கும் 150-க்கும் நடுவில். ஆயில் குடிப்பதில்லை. ஊட்டி ஏறும்போதுதான் இதன் அருமை. 2,240 மீட்டர் உயரத்தில் காற்று கோவையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும், சாதா எஸ்டீம் மூச்சு வாங்கும். இது கல்லாறு தாண்டிக் கொண்டைஊசி வளைவுகளில் மூன்றாவது கியரிலேயே ஏறும், விசில் சத்தத்தோடு. முதல் தடவை தனியாக இருந்தும் சிரித்துவிட்டேன்.

கீழே இறங்கி காந்திபுரம் சிக்னலில் நின்றால் அதே வண்டி வேறு ஆள். காம்ப்ரஷன் குறைந்ததால் 2,500 ஆர்பிஎம் வரை சோம்பல், பழைய மாருதி 800 மாதிரி. மைலேஜ் 15-இல் இருந்து 11. ஆர்.சி.யில் இல்லாத மாற்றம், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு ஒத்துக்கொள்ளாது. இன்சூரன்ஸ்காரன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆகவே தம்பி, வேண்டாம். நான் செய்ததெல்லாம் சரியாக வந்தும் சொல்கிறேன், வேண்டாம். அந்தக் காசுக்கு ஜென்னுக்கு நல்ல டயர் போடு, ஏசி பார், மிச்சத்தில் ஊட்டிக்கு என் வண்டியில் வா.

கேட்கமாட்டாய் என்று தெரியும். உன் ஜென் 72 மிமீ போர், 61 மிமீ ஸ்ட்ரோக், ஒரு சிலிண்டருக்கு 248 சிசி. 8.5 ரேஷியோ வேண்டுமென்றால் பிஸ்டனுக்கு மேலே மொத்தம் 33 சிசி இருக்கவேண்டும். டர்போவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் தலையில் என்ன அடித்திருக்கிறது என்று பார். சிரிஞ்சும் அக்ரிலிக் துண்டும் என்னிடம் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன். பஸ்ஸில்தான் வருவேன். அன்றைக்காவது பாட்டி தூங்கட்டும்.