பில்லில் மூன்று பேஸ், வண்டியில் இரண்டே வயர்

இங்கிலாந்தில் பழைய ட்ரையம்ப், பிஎஸ்ஏ, நார்ட்டன் பைக் வைத்திருப்பவர்கள், முக்கியமாக பர்மிங்ஹாம், கவென்ட்ரி பக்கம் எலக்ட்ரிக்கல் வேலைக்கு வண்டியை விடப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு விடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கும் விவகாரம் இன்னும் முடியவில்லை.

என்னுடையது 1969 ட்ரையம்ப் போனவில். 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனைதான் ஃபிரேமோடு இணைந்திருக்கும்), லூகாஸ் ஆர்எம்21 ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி). அது சுமார் 120 வாட்தான் தரும். ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஊருக்குள் மெதுவாகப் போனால் பேட்டரிக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. போதாததற்கு ஆல்டர்னேட்டரில் சுழலும் ரோட்டர், அசையாமல் இருக்கும் கம்பிச்சுருளான ஸ்டேட்டரில் உரசி, அதன் ஒரு முனையில் பளபளவென்று தழும்பு வேறு. 180 வாட் மூன்று பேஸ் ஸ்டேட்டர் (மின்சாரம் மூன்று வயரில் வெளியே வரும்), புது ரோட்டர், சார்ஜிங்கைக் கவனிக்கும் பழைய ஜெனர் டயோடையும் ரெக்டிஃபயரையும் எடுத்துவிட்டு இரண்டுக்கும் பதிலாக ஒரே பெட்டியாக ரெகுலேட்டர், எச்4 ஹாலஜன் ஹெட்லைட், புது வயரிங் என்று பேசி வண்டியைக் கடையில் விட்டேன். பழைய ஸ்டேட்டரைக் கேட்டதற்கு, "ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம்" என்றார்கள்.

வண்டி வந்தது. பகலில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு நாள் இருட்டும் நேரம் ஏ45 சாலையில், மெரிடன் தாண்டி வரும்போது (1983 வரை ட்ரையம்ப் தொழிற்சாலை இருந்த ஊர்தான், அதன் வாசலுக்கே வந்து மானத்தை வாங்கியது) ஹெட்லைட் மஞ்சளாகி, இன்ஜின் விட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்தது. ஓரம் கட்டி மீட்டர் வைத்தால் பேட்டரியில் 11 வோல்ட்டுக்கும் கீழே. சார்ஜிங் ஒழுங்காக இருந்தால், 3000 ஆர்பிஎம்மில் லைட் எரியும்போதே 13.5க்கு மேல் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்து டேங்கைத் தூக்கிப் பார்த்தேன். ரெகுலேட்டர் புதிதுதான், மூன்று பேஸுக்கு உரியதுதான். அதிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வருகிறது. இரண்டை இணைத்திருக்கிறார்கள். மூன்றாவதை மடித்து, கறுப்பு டேப் சுற்றி, ஃபிரேமுக்கு உள்பக்கமாகச் செருகியிருக்கிறார்கள். ஏனென்றால் அதை இணைக்க எதிரே வயரே இல்லை! ஆல்டர்னேட்டர் உள்ளே இருக்கும் பிரைமரி செயின்கேஸிலிருந்து (இன்ஜின் பக்கத்து உறை) வெளியே வருவது இரண்டே வயர். கேஸைத் திறந்தால் என் பழைய ஸ்டேட்டர், அதே தழும்போடு உட்கார்ந்திருக்கிறது. ஸ்கிராப்பில் போட்டதாகச் சொன்ன அதே சாமான். மேலே லேசாக வார்னிஷ் அடித்திருந்தார்கள்.

இதைவிடக் கோபம் வந்தது பியூஸைப் பார்த்தபோது. பேட்டரி நெகட்டிவிலிருந்து போகும் பிரவுன்-நீல வயரில் இருக்க வேண்டிய பியூஸ் ஹோல்டரையே காணோம். இரண்டு முனையையும் முறுக்கி டேப் ஒட்டியிருந்தார்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் யாராவது பழக்கதோஷத்தில் பேட்டரியைப் பிளஸ்-மைனஸ் மாற்றி மாட்டினால், பியூஸ் இல்லாமல் ரெகுலேட்டரும் போகும், வயரிங்கும் பற்றி எரியும். ஏமாற்றினது ஒரு பக்கம், இது ஆளைக் கொல்கிற வேலை.

வண்டியை எடுக்கும்போதே செயின்கேஸிலிருந்து வரும் வயரை எண்ணுங்கள். இரண்டு என்றால் மூன்று பேஸ் கிடையாது, பேச்சே வேண்டாம். மூன்று இருந்தாலும் அதோடு விட முடியாது. பழைய ஆர்எம்19 ஸ்டேட்டரிலும் மூன்று வயர் உண்டு, ஆனால் அது ஒற்றை பேஸ். அதனால் கடைக்காரர் கண்ணெதிரிலேயே, லைட்டைப் போட்டு பேட்டரியில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். கழற்றிய சாமான் கைக்கு வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், பணம். "பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணினால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம்" என்றார்கள். முன்பணத்தை கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததுதான் இப்போது கைகொடுக்கிறது. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75வது பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள வேலைக்கு ஒரு பகுதியை கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகையையும் கார்டு கம்பெனியிடம் கேட்கலாம். டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

கடைக்கு எழுதினேன். "உங்கள் மாடலுக்கு இரண்டு வயரே போதும்" என்று பதில் வந்தது. வேறொரு மெக்கானிக்கிடம் படத்தோடு எழுத்தில் அறிக்கை வாங்கி, அந்தப் பதிலையும் சேர்த்து கார்டு கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வந்ததும் கீழே எழுதுகிறேன்.