புண்டா கானாவா, பார்படோஸின் மேற்குக் கரையா: ஜூலை விடுமுறைக்கு ஓர் ஒப்பீடு

கனடாவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்குக் கரீபியன் விடுமுறையின் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதிகம் இல்லை. மார்ச் மாதத்து ஒரு வார விடுமுறையில் விமானக் கட்டணம் கைக்கு எட்டாது, கிறிஸ்துமஸ் காலத்தில் அதைவிட மோசம், ஆகவே மிஞ்சுவது ஜூலையும் ஓகஸ்டும்தான். நாங்கள் ரொறொன்ரோவிலிருந்து இரண்டு முறை ஜூலையில் போனோம்: 2023 இல் டொமினிக்கன் குடியரசின் புண்டா கானாவுக்கும், 2025 இல் பார்படோஸின் மேற்குக் கரைக்கும். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகளும், எழுபதைத் தாண்டிய என் அம்மாவும் என இரண்டு பயணங்களிலும் அதே ஐந்து பேர். அடுத்த ஜூலைக்கு எதைப் பதிவு செய்வது என்று சித்தியின் மகள் கேட்டபோது தொலைபேசியில் சொல்லத் தொடங்கி முடிக்க முடியாமல் போனதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நான் பார்படோஸின் பக்கம் சாய்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் கேட்கும் விஷயங்களை விரைவாக முடித்துவிடலாம். புண்டா கானாவுக்கு நேரடி விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், பார்படோஸுக்கு ஐந்து. முன்னதில் ஸ்பானிய மொழி, பின்னதில் ஆங்கிலம். முன்னதில் போத்தல் தண்ணீர்தான் குடிக்க வேண்டும், பார்படோஸில் சுண்ணாம்புப் பாறை வழியாக வடிந்து வரும் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பார்படோஸ் டொலர் இரண்டுக்கு ஓர் அமெரிக்க டொலர் என்று 1975 முதல் கட்டி வைத்திருப்பதால் கணக்குப் பார்ப்பது எளிது. வாகனங்கள் இடப்பக்கம் ஓடுகின்றன. யாழ்ப்பாணத்தில் ஓடிப் பழகிய என் கணவருக்கு ஹைவேயில் ஏறிய பத்தாவது நிமிடத்தில் பழைய கை வந்துவிட்டது.

செலவில் புண்டா கானாவே வென்றது. எல்லாம் அடங்கிய உல்லாச விடுதி ஒன்றில் ஏழு இரவுகள் தங்கினோம். விமானம், அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் என்று அனைத்தும் ஒரே தொகைக்குள் வந்தன. பார்படோஸில் அபார்ட்மென்ட், வாடகைக் கார், பலசரக்கு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவே ஆயிற்று. கையில் ஒரு பட்டியைக் கட்டிவிட்டால் ஏழு நாளும் பணப்பையைத் திறக்க வேண்டாம் என்ற நிம்மதி சின்ன விஷயமல்ல, அதுவும் இரண்டு பிள்ளைகள் அரை மணிக்கொரு தரம் எதையாவது கேட்கும்போது. நீச்சல் குளத்தின் ஓரத்தில் படுத்துக்கிடப்பதுதான் விடுமுறை என்று நினைப்பவர்கள் இதற்குமேல் படிக்கத் தேவையில்லை. அவர்களுக்குப் புண்டா கானா போதும், மிச்சப் பணத்தில் இன்னொரு முறையும் போய்வரலாம்.

எங்களுக்குக் கடல் வேண்டியிருந்தது. கடல் வேண்டும் என்றால் விடுதியின் நட்சத்திரங்களையோ படங்களையோ பார்ப்பதற்கு முன்னர் அந்தக் கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் 2023 இல் பார்க்கத் தவறினேன்.

கரீபியனில் ஆண்டு முழுவதும் காற்று கிழக்கிலிருந்தே வீசுகிறது. எங்கள் பருத்தித்துறைப் பக்கத்தில் கொண்டல் என்பது பருவத்துக்கு வந்து போகும் விருந்தாளி, அங்கே அது வீட்டுக்காரன். அந்தக் காற்றையும் அதன் போக்கிலேயே ஓடும் நீரோட்டத்தையும் தாங்கிக்கொண்டு நிற்பவை கிழக்குக் கரைகள். தீவின் முதுகுக்குப் பின்னால் காற்றொதுக்கில் கிடப்பவை மேற்குக் கரைகள். ஒரே தீவில் காலையில் ஒரு பக்கம் ஆளை விழுத்தும் அலையும் மறுபக்கம் குளம்போல அசையாத நீரும் இருப்பதற்கு இதுவே காரணம்.

அலை மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 2011 க்குப் பிறகு வந்து சேர்ந்த பெரிய தொல்லை சர்காசம் என்ற பழுப்புநிறக் கடற்பாசி. இது வேர்விட்டு நிற்கும் பாசியல்ல. திராட்சைபோன்ற சிறு காற்றுப்பைகளின் உதவியால் மிதந்தபடியே வளர்ந்து, காற்றும் நீரோட்டமும் தள்ளும் இடமெல்லாம் போவது. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை அத்திலாந்திக் சமுத்திரத்தின் குறுக்கே ஒரு பட்டையாகப் படர்ந்து கிடக்கும் இதைத் தென் புளோரிடா பல்கலைக்கழகத்தினர் செயற்கைக்கோள் படங்களின் மூலம் அளந்து மாதந்தோறும் வெளியிடுகிறார்கள். 2018 ஜூனில் அது 2 கோடித் தொன்னைத் தாண்டியது. நாங்கள் பார்படோஸுக்குப் போன 2025 இல், மே மாதத்தில் 3 கோடியே 75 இலட்சம் தொன் என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. அதிகமாகக் கரை ஒதுங்குவது வசந்தத்திலும் கோடையிலும், அதாவது நம்முடைய பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் அதே மாதங்களில். கரையில் குவிந்து அழுகும்போது ஐதரசன் சல்பைட்டு வெளிவருகிறது. கூழ்முட்டை நாற்றம் என்று சொன்னால் போதும்.

புண்டா கானாவின் புகழ்பெற்ற பாவரோ கரை கிழக்கையும் வடகிழக்கையும் பார்த்துக்கொண்டிருப்பது. நாங்கள் தங்கிய விடுதியில் காலை ஆறு மணிக்கே உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்கும். பத்துப் பன்னிரண்டு பேர் முட்கரண்டிபோன்ற நீண்ட வாரிகளால் பாசியைக் குவிக்க, இயந்திரம் அள்ளிக்கொண்டு போகும், மதியத்துக்குள் அதே இடத்தில் மறுபடியும் ஓர் அடி உயரத்துக்கு ஒதுங்கியிருக்கும். பாவம், அவர்கள் வேலையில் குறை சொல்ல முடியாது. தண்ணீருக்குள் இறங்கினால் முதல் பதினைந்து அடிக்குத் தேயிலைச் சாயம்போன்ற நிறம், காலில் சுற்றும் பாசி, அதற்கப்பால்தான் விளம்பரத்தில் கண்ட நீலம். என் சின்னவன் ஒரு தடவை காலை வைத்துவிட்டு அழுதபடி திரும்பியவன் ஏழு நாளும் குளத்தை விட்டு நகரவில்லை. அம்மா மட்டும் குவியலுக்கருகில் போய் ஒரு பிடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது சாதாளை மாதிரியெல்லோ. எங்கட ஊரிலை தோட்டத்துக்குப் பசளையா வண்டிலிலை ஏத்திக்கொண்டு போவினம், இஞ்சை காசு குடுத்து அள்ளி எறியினம்" என்றார். அந்தப் பயணத்தில் அவருக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே இரண்டாவது பயணத்தில் விடுதியைத் தேடாமல் வரைபடத்தைத் தேடினேன். பார்படோஸ் சுமார் 34 கிலோமீற்றர் நீளமும் 23 கிலோமீற்றர் அகலமும் கொண்ட சிறு தீவு. கரீபியன் தீவுச் சங்கிலிக்குக் கிழக்கே தனியாகத் தள்ளி நிற்பதால், பாசி முதலில் மோதும் இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் மோதுவது கிழக்கிலும் தெற்கிலும்தான். பிரிட்ஜ்டவுனுக்கு வடக்கே பெயின்ஸ் பே, ஹோல்டவுன், மலின்ஸ், ஸ்பைட்ஸ்டவுன் என்று நீளும் மேற்குக் கரையை அது பெரும்பாலும் தொடுவதில்லை. நாங்கள் ஹோல்டவுனுக்குச் சற்று வடக்கே, சாலையைக் கடந்தால் கடல் என்ற தூரத்தில், இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அபார்ட்மென்டை எடுத்தோம். எட்டு நாட்களில் இரண்டு நாள் மட்டும் கையால் அள்ளக்கூடிய அளவுக்கு ஒரு கோடுபோலப் பாசி ஒதுங்கியிருந்தது. அதே வாரத்தில் தீவின் குறுக்கே முக்கால் மணி நேரம் ஓட்டிக் கிழக்கே பத்ஷெபாவுக்குப் போனபோது, காளான்போல நிற்கும் அந்தப் பெரும் பாறைகளின் காலடியெல்லாம் முழங்காலளவு பழுப்பு மெத்தையாகக் கிடந்தது. அலைச்சறுக்கு வீரர்களுக்குப் பேர்போன அந்த இடம் பார்ப்பதற்குத்தான், குளிப்பதற்கு அல்ல.

மேற்குக் கரையில் நீர் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் காலை அம்மா ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக்கொண்டுபோய் முழங்காலளவு நீருக்குள் போட்டு, சேலையைச் சற்று உயர்த்திச் செருகிக்கொண்டு அமர்ந்துவிட்டார். கதிரை அசையவில்லை. சுற்றிவரச் சின்னவன் மிதக்கப் பழகினான். ஏழரை மணி முதல் பத்து மணி வரை அவர்கள் இருவரும் அங்கேயே இருந்தார்கள். கரை மேற்கைப் பார்ப்பதால் காலைவெயில் பின்னாலிருந்த மரங்களுக்குமேல் ஏறி வர நேரமெடுத்தது, நிழலுக்குக் குடை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கவில்லை. மாலையில் ஆறரை மணியளவில் சூரியன் நேரே கடலுக்குள் இறங்கியது. அழுங்காமைகள் முட்டையிட வரும் காலமும் மே முதல் ஒக்டோபர் வரைதான். ஓர் இரவு எங்கள் கரையிலேயே ஒன்று ஏறி வந்து குழி தோண்டியதைப் பிள்ளைகள் விளக்கில்லாமல், மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

இனி இந்தக் கரையின் குறைகள். மணல்பரப்பு பல இடங்களில் ஒடுங்கியது, நீர் ஏறும் நேரத்தில் நடந்து போக இடமில்லாத பகுதிகளும் உண்டு. கரையோரத்தில் மஞ்சினீல் என்ற மரம் நிற்கிறது. சிறிய பச்சை ஆப்பிள்போன்ற அதன் காய் நஞ்சு, பால் பட்டால் தோல் வெந்துபோகும், மழைக்கு அதன்கீழ் ஒதுங்கினால் சொட்டும் நீரே கொப்புளம் போடும். பல மரங்களில் சிவப்புப் பட்டை பூசியிருக்கிறார்கள், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை பட்டையைப் பார்ப்பதில்லை, காயைத்தான் பார்க்கிறது. என் மகன் குனிந்து எடுக்கப்போன கணத்தில் பக்கத்தில் நின்ற ஓர் உள்ளூர்ப் பெண் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இன்னொன்று, இராணுவச் சீருடைத் துணிபோன்ற புள்ளிபோட்ட உடையைப் பொதுமக்கள் அணிவது அங்கே சட்டவிரோதம், பிள்ளைகளுக்கும் விதிவிலக்கில்லை. பெட்டி கட்டும்போதே பார்த்து எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி எனக்கு இரண்டு மனம். விடுதியில் சமைக்கும் வேலை இல்லை, ஆனால் நான்காம் நாளே எல்லாத் தட்டும் ஒரே ருசியாகிவிட்டது. பார்படோஸில் கடைச் சாமான்களில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால் பாற்கட்டியும் திராட்சையும் ரொறொன்ரோ விலையைவிட மிக அதிகம். அதற்கு மாறாகத் தெருவோரத்தில் ஈரப்பலாக்காய் குறைந்த விலைக்குக் கிடைத்தது. பசிபிக் தீவிலிருந்து 1793 இல் கப்பலேற்றிக் கரீபியனுக்குக் கொண்டுவந்த மரம் அது, அடிமைகளுக்கு மலிவான உணவாக. அம்மா தகரத் தேங்காய்ப்பாலும் நாங்கள் கொண்டுபோன கறித்தூளும் போட்டு வைத்த அந்தப் பிரட்டல், இரண்டு பயணங்களிலும் நாங்கள் சாப்பிட்டவற்றில் முதலிடம் பெற்றது. ஓயிஸ்டின்ஸ் மீன் சந்தையில் இரவு நேரத்தில் சுட்டும் பொரித்தும் தரும் மீனுக்குத் தீவே திரண்டு வரும் நாள் வெள்ளிக்கிழமை. அன்று அம்மாவுக்கு மரக்கறி. சோளமாக் களியோடு திருப்திப்பட்டுக்கொண்டார்.

சூறாவளிக் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை என்பதால் ஜூலையில் இரண்டு இடங்களுக்கும் ஆபத்து உண்டு. பார்படோஸ் நேரடியாக அடிவாங்குவது அரிது என்று சொல்வார்கள், அது பெருமளவுக்கு உண்மையும்கூட. ஆனால் 2024 ஜூலை முதலாம் திகதி பெரில் சூறாவளி தெற்கால் கடந்தபோது அங்குள்ள மீன்பிடிப் படகுகள் பெரும் சேதமடைந்தன. கென்சிங்டன் ஓவலில் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய அணி ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே நாட்கணக்கில் மாட்டிக்கொண்டதும் அந்தப் புயலால்தான். பயணக் காப்புறுதியைப் புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னரே வாங்கியிருக்க வேண்டும், பெயர் வைத்தபின் வாங்கினால் அந்தப் புயலுக்கு அது உதவாது.

சூறாவளிப் பயமே பெரிது என்பவர்களுக்கு அருபாவைச் சொல்வார்கள். வெனிசுவேலாவின் கரைக்கு அருகே, புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருப்பது, அதன் ஈகிள் கடற்கரையும் பாம் கடற்கரையும் மேற்குப் பக்கத்தில் இருப்பவை. நான் அங்கே போனதில்லை. போய்வந்த மச்சான் குடும்பம் நீரைப் புகழ்கிறது, ஓயாத காற்றில் மணல் பறந்து கைக்குழந்தையின் கண்ணில் விழுந்ததைச் சொல்லி அலுத்தும்கொள்கிறது. அதேபோல, பார்படோஸின் மேற்குக் கரையை நான் கண்டது ஜூலையில் மட்டும்தான். மாரிகாலத்தில் வடக்கிலிருந்து வரும் நெடிய அலைகள் அந்தப் பக்கத்திலும் சிவப்புக்கொடி ஏற்ற வைப்பதுண்டு என்பதால், பெப்ரவரிக்கும் அதையே பதிவு செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

சித்தியின் மகளுக்குப் பணம்தான் நெருக்கடி, எல்லாம் அடங்கிய விடுதிதான் வேண்டும் என்கிறாள். அப்படியானால் டொமினிக்கன் குடியரசிலேயே பாவரோவை விட்டுவிட்டு, புண்டா கானா விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரத்தில் தீவின் தென்பக்கத்தில், கரீபியன் கடலைப் பார்த்து ஒதுங்கிக் கிடக்கும் பயாகிபேயில் அறை தேடச் சொன்னேன். நேற்று இரவு மூன்று விடுதிகளின் படங்களை அனுப்பியிருந்தாள். படங்கள் வேண்டாம், வரைபடத்தில் இருக்கும் இடத்தை அனுப்பு என்று பதில் போட்டிருக்கிறேன்.