நாரிப்பிடிப்பும் ஒஸ்டியோபதியும்: சில வருட அனுபவம்

லண்டன் ஹரோவில் கடை வைத்திருப்பவர்களில் நாரி நோ (கீழ்முதுகு வலி) இல்லாத ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். விடிய 20 கிலோ அரிசி மூட்டைகளை வான் வண்டியில் இருந்து இறக்கவேண்டும், பிறகு கடை பூட்டும்வரை கல்லாவில் நிற்கவேண்டும். ஜிபி (குடும்ப டாக்டர்) ஐபுப்ரோஃபென் வலிமாத்திரை எழுதித் தந்து, பிசியோவுக்குப் பெயர் போட்டுவிட்டார். அவர்கள் கூப்பிடும்வரை பொறுக்க முடியாமல்தான் வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒஸ்டியோபதி (தசையையும் மூட்டுகளையும் கையால் அமத்தி அசைத்துச் செய்யும் சிகிச்சை) கிளினிக்குக்குப் போனேன். இப்போது சில வருடங்களாகப் பழக்கம். நாரிக்கு, கழுத்துக்கு, இடையில் அம்மாவின் முழங்காலுக்கும்.

காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் என்எச்எஸ் (அரசாங்க இலவச மருத்துவ சேவை) இதைத் தராது. எங்கள் பக்கம் ஒரு தடவைக்கு 50 முதல் 70 பவுண். வேலையிடத்து இன்சூரன்ஸ் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சிலது கொடுக்கும்.

அந்தக் காசுக்கு எனக்குக் கிடைத்ததில் மிகப் பெறுமதியானது முதல் நாள் சோதனைதான். ஒஸ்டியோபத் கட்டிலில் போட்டு உடனே அமத்தத் தொடங்கவில்லை. சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். குனிய, நிமிர, பக்கத்துக்குச் சரிய வைத்துப் பார்த்தார். மல்லாக்கப் படுத்ததும், முழங்கால் மடியாமல் ஒரு காலை மெல்லத் தூக்கி, எந்த உயரத்தில் வலிக்கிறது, வலி முழங்காலுக்குக் கீழே ஓடுகிறதா என்று கேட்டார். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், குதிக்காலில் நடக்கவிட்டார். மூத்திரம் போவதில் கஷ்டமா, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போகிறதா என்றும் கேட்டார். நாரி நோவுக்கு இதென்ன கேள்வி என்று தோன்றியது. அப்படி இருந்தால் முள்ளந்தண்டின் அடி நரம்புகள் நெரிபடலாமாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டும். இதெல்லாம் கேட்காமல் கைவைக்கிறவரிடம் இருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

சிகிச்சை, ஊரில் நெரிவு பார்க்கிற பரியாரியிடம் போய் வளர்ந்தவர்களுக்குப் பெரிய புதினம் இல்லை. எண்ணெய் மணம் மட்டும் இல்லை. தசையை அமத்துவார், மூட்டுகளை ஆட்டி அசைப்பார், சிலநேரம் சட்டென்று ஒரே வெட்டில் அமத்தும்போது 'டக்' என்று சத்தம் வரும். விலகிய எலும்பு இடத்தில் போய் விழுந்த சத்தம் என்று நம்புகிறவர்கள் நிறைய. அது மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குமிழி உண்டாகிற சத்தம், அவ்வளவுதான். கழுத்தை அப்படித் திருப்புவதற்கு முன், மிக அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம் என்று சொல்லிச் சம்மதம் கேட்டார். வேண்டாம் என்றேன். மெல்ல இழுத்து அசைத்ததிலேயே கழுத்துப் பிடிப்பு இளகிவிட்டது.

நாரிக்கு அன்றிரவு நல்ல நித்திரை. அடுத்த நாள் அடித்துப்போட்ட மாதிரி உடம்பு நோ. அப்புறம் சில நாள் சுகம், பிறகு பழையபடிதான். கையை மட்டும் நம்பினால் மாதாமாதம் காசு கட்டிக்கொண்டே இருக்கலாம். எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று இங்கிலாந்தில் வழிகாட்டி எழுதும் நைஸ் அமைப்பின், நாரி நோவுக்கான 2016 வழிகாட்டியும், இப்படியான சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே தரச் சொல்கிறது. அவர் எழுதித்தந்த பயிற்சிகளை விடாமல் செய்யத் தொடங்கியதும், மூட்டைக்குத் தள்ளுவண்டி வாங்கியதும்தான் ஒரு பிடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடைவெளியைக் கூட்டின.

அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி குறைவு. அது தெரிந்ததும் முதுகில் வெட்டி அமத்துகிற வேலையே இல்லை என்றுவிட்டார். கதிரையில் கை ஊன்றாமல் எழும்பி, திரும்ப இருந்து பழகச் சொன்னார். "இதுக்கே இவ்வளவு காசு? கோயிலில சும்மா செய்யிறன்" என்பது அம்மாவின் தீர்ப்பு. முழங்கால் தேய்மானத்துக்கு அதுதான் சரியான வைத்தியம் என்பது அவவுக்கு இன்னும் பிடிக்கவில்லை.

தலையிடிக்கு மண்டையோட்டை லேசாகத் தொட்டுச் செய்யும் முறையும் பார்த்தேன். சுகமாக நித்திரை வந்தது, தலையிடி போகவில்லை. அதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. நான் சிபாரிசு செய்யமாட்டேன். இடையில் வேறொரு இடத்தில், இடுப்பு ஒரு பக்கம் ஏறி நிற்கிறது, பத்துத் தடவைக்கு முற்பணம் கட்டுங்கள் என்றார்கள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். என் ஆள், வலி குறைந்ததும் இனி வரத் தேவையில்லை என்று தானே சொல்வார். அவரில் நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

பிரித்தானியாவில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு இல்லாமல் ஒருவர் தன்னை ஒஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பொது ஒஸ்டியோபதி கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். அமெரிக்காவில் இதே துறையில் படித்தவர்கள் மருந்து எழுதி, ஆபரேஷனும் செய்கிற முழு டாக்டர்கள். யூடியூப்பில் அவர்களைப் பார்த்துவிட்டு இங்கே அதை எதிர்பார்க்கவேண்டாம்.

போகும்போது தளர்வான காற்சட்டை போடுங்கள். பெண்கள் பெண் ஒஸ்டியோபத் வேண்டும் என்று கேட்டுப் பதியலாம், உள்ளே துணைக்கு ஆளையும் கூட்டிப் போகலாம். சனிக்கிழமை இடம் கிடைப்பது கஷ்டம், முந்தியே போன் பண்ணுங்கள்.