பேரிங் மட்டுமா, ஹப்போடு சேர்த்தா?

காரில் வேகம் கூடக் கூடச் சுருதி ஏறுகிற ஒரு உறுமல். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தாலும் அடங்கவில்லை என்றால் எஞ்சின் மேல் பழியில்லை. மிஞ்சுவது பெரும்பாலும் டயர், இல்லையென்றால் வீல் பேரிங், அதாவது சக்கரம் வழுக்கிச் சுழல உதவும், உள்ளே குண்டுகளோ உருளைகளோ ஓடும் வளையம். இரண்டும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசும் என்பதால், நல்ல பேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு அதே உறுமலோடு வீடு திரும்புகிறவர்கள் நிறைய.

வழவழப்பான தாரிலிருந்து சொரசொரப்பான ரோட்டுக்கு ஏறும்போது சத்தத்தின் குணம் மாறினால் டயரைச் சந்தேகிக்கலாம். பேரிங்குக்கு ரோடு எப்படி இருந்தால் என்ன, சுழற்சியும் பாரமும்தான் கணக்கு. ஆளில்லாத ரோட்டில் ஒரே வேகத்தில் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பினால் பாரம் வலது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங். பெரும்பாலும் இப்படித்தான், எப்போதும் அல்ல. முழு ஸ்டீயரிங் ஒடித்துத் திரும்பும்போது மட்டும் 'டக் டக்' என்று கேட்டால் அது சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாப்ட்டின் ஜாயின்ட்டின் வேலை, பேரிங்கை விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஜாக்கி. ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள்: ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் சஸ்பென்ஷனில் இருக்கும் பந்து மூட்டான பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். ஆனால் இந்தச் சோதனையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உறுமுகிற பேரிங்குகள் பலவற்றில் கைக்கு ஆட்டமே தெரியாது. தெரிகிற கட்டத்தில் அது ஏற்கெனவே ரொம்பத் தேய்ந்திருக்கும். எனக்குப் பிடித்தது சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுவது. நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் சும்மா இருக்கும். கெட்டது என்றால் அம்மியில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நறநறப்பு விரலுக்கு ஏறும். காதுக்கு எட்டாததும் அங்கே தெரிந்துவிடும்.

சரி, போனது பேரிங்தான் என்று உறுதியாகிவிட்டது. எதை மாற்றுவது என்பதைப் பாதி உங்கள் காரே முடிவு செய்துவிடும். பின்சக்கரம் இழுக்கும் பழைய கார்களில் முன்பக்கம் கூம்பு உருளைப் பேரிங்குகள் இரண்டிருக்கும். கழுவி, கிரீஸ் அடைத்து, நட்டை முடுக்கிச் சற்றே தளர்த்தி, அரை மணியில் முடிக்கலாம். உள்ளே உட்காரும் கூம்பை மட்டும் மாற்றி, வெளிக் கிண்ணத்தைப் பழையதாகவே விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இரண்டு சாதி. ஒன்று, நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கி ஸ்டீயரிங்கோடு திரும்பும் உலோகக் கட்டை) அழுத்தி ஏற்றிய பேரிங். அதற்குள் ஹப்பையும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) அழுத்தி ஏற்றியிருப்பார்கள். இன்னொன்று, பேரிங்கும் ஹப்பும் ஒரே உடலாக வந்து மூன்று நான்கு போல்ட்டில் நக்கிளோடு சேர்வது.

போல்ட் வகையில் பேரம் எளிது: பொருளுக்குக் காசு கூட, வேலைக்கு நேரம் குறைவு. துருவேறி நக்கிளில் ஒட்டிக்கொண்டால் மட்டும் மூச்சு வாங்கும். புதிய ஹப்பைப் பொருத்தும் முன் அது உட்காரும் முகத்தைத் துரு இல்லாமல் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். துருத் துணுக்கு நடுவில் மாட்டினால் ஹப் கோணலாக உட்காரும், டிஸ்க் ஆடும், பிரேக் மிதி துடிக்கும்.

அழுத்தி ஏற்றும் வகையில்தான் உண்மையான போட்டி. பேரிங் மட்டும் என்றால் பொருள் மலிவு. ஆனால் வேலை முழுவதும் ஒரே கேள்வியில் தொங்குகிறது: அழுத்தம் எந்த வளையம் வழியாகப் போகிறது? நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். மாறிப் போனால் அழுத்தம் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, அவை ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழி விழும். நான் ஒருமுறை முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் தட்டி ஹப்பை ஏற்றினேன். அன்று மாலை வண்டி பூனை மாதிரி ஓடியது; இரண்டே மாதத்தில் பழைய உறுமல், இந்த முறை புதுப் பேரிங்கிலிருந்து.

இதைச் செய்ய மூன்று வழி. நக்கிளைக் கழற்றாமல் காரிலேயே திருகு வைத்து இழுக்கும் புல்லர் செட். நக்கிளைக் கழற்றி ஹைட்ராலிக் பிரஸ்ஸில் போடுவது. நக்கிள், ஹப், பேரிங் எல்லாம் சேர்ந்த முழு செட்டை வாங்கி மாட்டுவது. புல்லரில் கேம்பர், அதாவது சக்கரம் நிற்கும் சாய்வு, கலையாது. ஆனால் வளையம் சற்றுச் சாய்ந்து ஏறினால் குனிந்து கிடக்கும் உங்களுக்குத் தெரியாது. பிரஸ்ஸில் எல்லாம் கண்ணெதிரே நடக்கும். முழு செட் சுலபம்தான், ஆனால் யாரோ எங்கோ அழுத்தியதை நம்ப வேண்டும். என் ஓட்டு நடு வழிக்கு: நக்கிளை வீட்டிலேயே கழற்றுங்கள், ஸ்ட்ரட்டோடு (ஷாக் அப்சார்பர் தூண்) நக்கிளைப் பிணைக்கும் போல்ட் இருந்த இடத்தைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அழுத்தும் வேலையை மட்டும் பிரஸ் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். பழைய உள் வளையம் பெரும்பாலும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டி எடுக்கும்போது ஹப்பில் கீறல் விழுந்தாலோ, வளையம் உட்கார்ந்த இடம் தேய்ந்து நீலம் பாய்ந்திருந்தாலோ ஹப்பையும் மாற்றிவிடுங்கள். அந்த நிலையில் பேரிங் மட்டும் என்ற சிக்கனம் செல்லாது.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள காரில் இன்னொரு கண்ணி. பல பேரிங்குகளில் ஒரு பக்க சீலுக்குள் காந்த வளையம் இருக்கும்; அது சக்கர வேகத்தை அளக்கும் சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு குண்டூசியைக் கட்டித் தொங்கவிட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும். அப்புறம் மறுபடி பிரஸ், மறுபடி புதுப் பேரிங், ஏனென்றால் கழற்றியது திரும்ப உதவாது.

ஆக்சில் நட்டும் புதிதாக இருக்கட்டும். பேரிங்கின் இரண்டு உள் வளையங்களையும் இறுக்கிப் பிடிப்பது அதுதான். ஆகவே சக்கரத்தில் எடை ஏறும் முன், ஒருவரை பிரேக் மிதித்துப் பிடிக்கச் சொல்லி, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் உங்கள் காருக்குரிய அளவுக்கு முடுக்குங்கள். பல கார்களில் அது 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். நட்டு முடுக்கும் காற்றுத் துப்பாக்கியால் அடித்து 'போதும்' என்று விடுகிற வேலை இல்லை. மறுபக்கப் பேரிங்? அது உறுமாதவரை கை வைக்க வேண்டாம்.